என்ஜின் ஆறும் வரை

பேப்பரின் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக்கு வந்திருந்த விளம்பரம் அது. பழைய டீசல் ஸ்டேஷன் வேகன், ஒரே குடும்பம் ஓட்டியது, வீடு காலி செய்வதால் மலிவு விலைக்கு. கூடவே ஒரு மங்கலான படம். அதில் தெரிந்ததெல்லாம் வண்டியின் நீண்ட முதுகும், மேல்நோக்கித் திறந்திருந்த பின்கதவும், அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்த ஒரு நாயின் வாலும்தான். திரைக்காரி அந்தத் துண்டைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் எடுத்துப் பார்ப்பாள். இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே பார்ப்பாள்.

ஊரில் பாதி வீடுகளுக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள் அவள். தைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. தைத்ததைக் கொண்டுபோய் மாட்டுவதற்குள்தான் உயிர் போய் உயிர் வரும். கம்பிகள் ஆளை விட நீளம், துணிச் சுருள்கள் ஆளை விடக் கனம். வாடகை வேன்காரர் 'இதோ வந்துட்டேன்' என்றால் மத்தியானம் என்று அர்த்தம். 'கிளம்பிட்டேன்' என்றால் நாளைக்கு என்று அர்த்தம். இந்த லட்சணத்தில்தான், புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரியின் அத்தனை ஜன்னல்களுக்கும் திரை போடும் வேலை அவள் மடியில் வந்து விழுந்திருந்தது. திங்கட்கிழமை முதல் வார்டு வார்டாக மாட்டிக் கொடுக்க வேண்டும். "சொந்த வண்டி இருந்தா வேலையை எடுத்துக்கங்க, இல்லேன்னா வேற ஆளைப் பாக்கறோம்" என்று ஆஸ்பத்திரி மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவள் சேமிப்புக்கு ஊரில் இந்த ஒரு வண்டிதான் படியும். வண்டி வந்தால் ஆஸ்பத்திரி வரும். வராவிட்டால் பழையபடி ஒற்றை ஜன்னல் வீடுகளும் வேன்காரரின் பொய்யும்தான்.

குறுக்கே நின்றது வேறு யாருமில்லை, கட்டிய புருஷன்.

கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அதட்ட மாட்டார், அடுத்தவர் வம்புக்குப் போக மாட்டார். அவருக்கு இருந்த ஒரே வியாதி யோசனை. கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவருடைய உத்தியோகம். தெருவில் எடைக்காரர் என்றுதான் பெயர். தராசு முள் ஆடி அடங்கி நிற்கும்வரை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்தக் கெட்ட பழக்கத்தை மனிதர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். தெருமுனையில் கடையறை வாடகைக்கு வந்தபோது "யோசிச்சு சொல்றோம்" என்றார். அவர் யோசித்து முடித்தபோது அங்கே ஒரு சலூன்காரர் யாருக்கோ தாடி மழித்துக்கொண்டிருந்தார். நல்ல தையல் மெஷின் ஒன்று பாதி விலைக்கு வந்தபோதும் அதே பாட்டு. அது இப்போது அவளுடைய போட்டிக்காரி வீட்டில் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டால் பதறாத காரியம் சிதறாது என்பார். காரியமே நடக்காதபோது சிதறுவதற்கு என்ன இருக்கிறது என்று அவள் பதிலுக்குக் கேட்பாள்.

அதனால் இந்த முறை அவள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டாள்.

"வண்டி நல்லா இருந்தா அங்கேயே பேசி முடிச்சுடுவேன். நீங்க குறுக்க வாயைத் திறக்கக் கூடாது."

எடைக்காரர் யோசித்தார். மறுநாள் ஆபீஸ் டிரைவரைக் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார்: "போனதும் முதல்ல பானெட்டுல கை வெச்சுப் பாக்கணுமாம். சில்லுன்னு இருந்தா சரி. சூடா இருந்தா, ஆறின என்ஜின் ஸ்டார்ட் ஆகாதுங்கறதை மறைக்கறதுக்காக முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தமாம். சில்லுன்னு இருந்தா உன் முடிவு. சூடா இருந்தா என் முடிவு."

"உங்க முடிவு என்னன்னு ஊருக்கே தெரியுமே."

"தெரிஞ்சா நல்லதுதான்," என்றார் அவர்.

வேறு வழியில்லாமல் அவள் தலையாட்டினாள். சனிக்கிழமை காலையில் ஆகாரம்கூட இறங்கவில்லை அவளுக்கு. அவரையும் சாப்பிட விடாமல் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சரிவான தெரு. கடைசி வீட்டின் கேட்டுக்கு உள்ளே வண்டி நின்றிருந்தது. திரைக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. படத்தில் மங்கலாகத் தெரிந்தது நேரில் வெளிறிய பச்சை. முன்பக்கம் சதுரமான, நேர்மையான முகம். பின்பக்கம் முடியவே முடியாத நீளம். கதவின் ஓரங்களில் துரு லேசாகக் கடித்திருந்தது. கடிக்கட்டும், ஆஸ்பத்திரிக்காரர்கள் வண்டியின் கதவையா பார்க்கப் போகிறார்கள். வீட்டுக்காரர் வெளியே வருவதற்குள் அவள் பின்கதவைத் தூக்கிவிட்டாள். பின்சீட்டை மடக்கினாள். கழுத்தில் எப்போதும் தொங்கும் இன்ச் டேப்பை உருவி உள்ளே நீட்டினாள். அளந்து பார்த்தும் நம்பிக்கை வராமல், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி நீட்டிப் படுத்துப் பார்த்தாள். தலைக்கு மேலேயும் இடம், காலுக்குக் கீழேயும் இடம். நாய் வாசனை லேசாக வந்தது. அதுவும் பிடித்திருந்தது.

"கம்பி எல்லாம் வளையாம நேரா போகும்," என்று படுத்தபடியே சொன்னாள். "என்னங்க, கேக்குதா? நேரா போகும்."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். எடைக்காரர் வண்டியின் முன்னால் நின்றிருந்தார். வலது உள்ளங்கை பானெட்டின் மேல் இருந்தது. முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. குறைந்த எடையைக் கண்டுபிடித்த முகம்.

"சூடா இருக்கு," என்றார்.

அவள் இறங்கி வந்து தானும் கை வைத்தாள். கொதிக்கிற சூடு.

அதற்குள் வீட்டுக்காரப் பெரியவர் வந்துவிட்டார். ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்ல ஆசைப்பட்டாலும் அவரால் முடியாது போலிருந்தது. இருவர் கைகளும் பானெட்டில் இருப்பதைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துவிட்டார்.

"பக்கத்து வீட்டு டிரைவர் தம்பிதான் காலையில ஓட்டி வெச்சார். ஆறிப்போனா லேசுல கிளம்ப மாட்டேங்குது. இறக்கத்துல தள்ளிவிட்டுத்தான் கிளப்பினாங்க. முன்னாடி வந்தவங்க எல்லாம் கிளம்பலைன்னு பாத்துட்டுப் போயிட்டாங்க, அதான். எனக்கு ஓட்டத் தெரியாதும்மா. இது என் வீட்டுக்காரியோட வண்டி. மிருக டாக்டரா இருந்தா. கன்னுக்குட்டி, ஆடு, நாய் எல்லாம் இதுலதான் போய் வரும். அவ இருந்தவரைக்கும் ஒரு நாள் நின்னதில்லை. போன வருஷம் அவ போனா. அதுக்கப்புறம் இதுவும் இப்படி."

எடைக்காரர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு அடுத்து என்ன வரும் என்று அவளுக்கு மனப்பாடம். கடையறை போன செருமல், மெஷின் போன செருமல். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஆறட்டும். நாங்க காத்திருக்கோம்."

"என்னது?"

"சூடா இருந்தா பாக்க முடியாதுன்னுதானே உங்க டிரைவர் சொன்னார்? ஆறினதும் பாப்போம். ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்க மாட்டோமா?"

அவசரத்துக்கே பிறந்தவள் வாயிலிருந்து பொறுமையைப் பற்றிப் பழமொழி வந்ததும் எடைக்காரர் அசந்துபோனார். காத்திருப்பதற்கு எதிராக அவரால் என்ன சொல்ல முடியும்? அது அவருடைய சொந்த மதமாயிற்றே.

பெரியவர் இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்கார என்று சொன்னது அட்டைப் பெட்டிகளின் மேல்தான். நாற்காலிகள் ஏற்கெனவே போய்விட்டன. மறுநாள் காலையில் மகள் வீட்டுக்குக் குடி போகிறார். மாடியில் சின்ன வீடு, வண்டி நிறுத்த இடம் கிடையாது. இன்று சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும் என்றார். அதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் கரகரத்தது. திரைக்காரி நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நீ தொட்டுத் தொட்டே அது ஆற மாட்டேங்குது," என்றார் எடைக்காரர்.

"நீங்க பாத்துப் பாத்தே நேரம் நகர மாட்டேங்குது," என்றாள் அவள்.

பெரியவர் சிரித்தார். தேநீர் போட்டுக் கொடுத்தார். கன்றுக்குட்டி ஒன்று பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியே தலையை நீட்டிக்கொண்டு போனதையும், தெருவே கூடி வேடிக்கை பார்த்ததையும் சொன்னார். கேட்கக் கேட்க அவளுக்கு அந்த வண்டியை இப்போதே ஓட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வர வேண்டும் போலிருந்தது. கன்றுக்குட்டியே போயிருக்கிறது, கம்பிக்கென்ன.

கடைசியில் பானெட் நன்றாக ஆறி, நிழல்பட்ட தரையைப் போல ஆன நேரத்தில்தான் அந்த ஆள் வந்தான். பழைய வண்டி புரோக்கர். கேட்டைத் திறந்தபோதே வண்டி தன்னுடையது என்பதுபோல நடந்தான். அவர்களைப் பார்த்து ஒரு வணக்கம்கூட இல்லை.

"சாவியைக் குடுங்க பெரியவரே, எனக்கு நேரமில்லை."

உட்கார்ந்த வேகத்தில் சாவியைச் செருகி முழுக்கத் திருப்பினான். வண்டி கர்ரக் கர்ரக் என்று இழுத்தது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை கொஞ்சம் வந்தது. என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருகினான், மறுபடியும். திரைக்காரி தன் தொண்டையையே யாரோ திருகுவதுபோல நின்றாள்.

"செத்த மாடு," என்று சொல்லிவிட்டு இறங்கினான் புரோக்கர். "என்ஜின் போச்சு. இரும்பு விலைக்கு வேணா எடுத்துக்கறேன். அதுலயும் இழுத்துட்டுப் போற செலவைக் கழிச்சுக்குவேன்."

குதிரை கீழே தள்ளியது மட்டுமில்லாமல் குழியும் பறித்த கதைதான். பெரியவருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"இவங்க முதல்ல வந்திருக்காங்க. இவங்க வேண்டாம்னா நீங்க எடுத்துக்கங்க," என்றார்.

"எதிர்க்கடையிலதான் டீ குடிச்சிட்டிருப்பேன்," என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

அவள் தாவி ஏறினாள். அவன் கை பட்டதால்தான் கிளம்பவில்லை, தன் கை பட்டால் கிளம்பிவிடும் என்று அந்த நிமிஷம் மனதார நம்பினாள். ஆசை வந்தால் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். சாவியைத் திருகினாள். கர்ரக் கர்ரக். "வாடி செல்லம்," என்று வாய்க்குள் கெஞ்சிக்கொண்டே மறுபடி திருகினாள். இந்த முறை சத்தம் முன்னைவிட மெதுவாக, களைத்துப்போய் வந்தது.

"போதும், விடு," என்றார் எடைக்காரர் ஜன்னலருகே வந்து. "பேட்டரி இறங்குது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் தாங்கும்."

அவள் சாவியை விட்டுவிட்டாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரி ஜன்னல்கள் வரிசையாக, திரையில்லாமல், வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தன. இறங்கி வந்து சாவியை அவர் கையில் வைத்தாள்.

"நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லிடுங்க. நான் குறுக்க பேசல."

அவர் சொல்லவில்லை. சாவியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், அவள் கண்ணைப் பார்த்தார்.

"கடைசியா ஒரு தடவை நான் உட்கார்ந்து பாக்கறேன்," என்றார்.

உட்கார்ந்தார் என்றால் உட்கார்ந்தாரா? முதலில் சீட்டைத் தன் உயரத்துக்கு நகர்த்தினார். கண்ணாடியைச் சரிசெய்தார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். நிற்கிற வண்டிக்குப் பெல்ட் போடுகிற மனிதரை உலகத்தில் வேறெங்கே பார்க்க முடியும்? ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பார்த்தார், கியரை ஆட்டிப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் சாவியைச் செருகி ஒரே ஒரு படி திருப்பினார். அத்தோடு கையை எடுத்துவிட்டார்.

"என்னங்க?"

"ஒரு விளக்கு எரியுது."

அவள் எட்டிப் பார்த்தாள். டேஷ்போர்டின் ஓரத்தில், சுருண்ட கம்பி போல ஒரு சின்ன மஞ்சள் விளக்கு.

"எல்லா வண்டியிலயும் ஏதோ ஒண்ணு எரியும். திருப்புங்க."

"என்னன்னு தெரியல. மத்த விளக்கெல்லாம் சிவப்பு. இது மட்டும் மஞ்சள். அடங்கட்டும்."

"அது அடங்கறதுக்குள்ள அந்த ஆள் டீ குடிச்சு முடிச்சுடுவான்."

அவர் காதில் வாங்கவில்லை. தராசு முன்னால் நிற்பதுபோல அசையாமல் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் அவரை இத்தனை வெறுத்ததில்லை. கையை நீட்டித் தானே சாவியைத் திருப்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அப்போது எங்கேயோ டிக் என்று மெல்லிய சத்தம் கேட்டது. விளக்கு அணைந்தது. அவர் சாவியைத் திருப்பினார்.

கர்ரக் என்று ஒரு இழுப்பு. இருமியது. வண்டி முழுக்கக் குலுங்கியது, பின்கதவு தடதடத்தது, பின்னால் குபுகுபுவென்று புகை வந்து பெரியவரின் பூந்தொட்டிகளை மறைத்தது. ஒரு கணம் நின்றுவிடும்போலத் தடுமாறிவிட்டு, தடதடதடவென்று ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. பெரிய தையல் மெஷின் ஒன்றின் சத்தம்தான் அது. கேட்டதும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சத்தம் போட்டுச் சிரித்தாள், கூடவே அழுதாள், எது எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறின டீசல் என்ஜினுக்கு உள்ளே முதலில் சூடு ஏற வேண்டும், அந்த விளக்கு அதற்காகத்தான் எரிகிறது என்று மூவருக்கும் அப்போதுதான் புரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் அவளைப் போலவே ஒரே திருப்பாகத் திருப்பியவர்கள்.

எடைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பையனைப் போல உட்கார்ந்திருந்தார்.

சத்தம் எதிர்க்கடைக்கும் கேட்டிருக்கிறது. புரோக்கர் டீ கிளாஸைக்கூட வைக்காமல் ஓடிவந்தான்.

"பெரியவரே, நீங்க கேட்ட விலைக்கு மேல பாதி போட்டுத் தரேன். இப்பவே, கையில."

பெரியவர் அவனைப் பார்க்கவில்லை. கார் ஜன்னலுக்குள் குனிந்தார்.

"தம்பி, பானெட் சூடா இருந்தது என் தப்புதான். யோசிச்சு சொல்றதுன்னா சொல்லுங்க. நான் தப்பா நினைக்கல."

திரைக்காரி பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த வாயை இறுக மூடிக்கொண்டாள். வண்டி தடதடத்துக்கொண்டிருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வாங்கிக்கறோம்," என்றார் எடைக்காரர். "அவளோட வண்டி இது. பேப்பரெல்லாம் அவ பேருக்கே போடுங்க."

புரோக்கர் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு டீ கிளாஸோடு திரும்பினான். அவள் தன் புருஷனை யாரோ புது மனிதரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. பெரியவர் நிற்கிறாரே என்று அவர் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டதோடு நிறுத்திக்கொண்டாள்.

என்ஜினை அணைத்துவிட்டு, உள்ளே போய்க் கையெழுத்துகளைப் போட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, நகல் எடுத்து வந்து எல்லாம் முடிந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இந்த முறை அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நேராகக் கம்பிக் கடைக்குப் போய், ஆஸ்பத்திரிக்கு வேண்டியதை எல்லாம் இன்றைக்கே ஏற்றிவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. பக்கத்தில் எடைக்காரர். சாவியை ஒரு படி திருப்பினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளும் இப்படித்தாம்மா," என்றார் மெதுவாக. "சாவியைப் போட்டுட்டு, கிளம்பாம உட்கார்ந்திருப்பா. உட்கார்ந்துட்டு என்னைக் கேள்வி கேப்பா. கேஸை மூடினீங்களா, மாத்திரை போட்டுக்கிட்டீங்களா, கண்ணாடியை எடுத்துக்கிட்டீங்களா. ஒரு நாள் தவறாது. பிழை திருத்தறவன்கிட்டயே பிழை தேடறாளேன்னு எனக்கு அப்படிக் கோபம் வரும். கிளம்பித் தொலையேன்னு கத்தியிருக்கேன்."

அவர் ஜன்னல் விளிம்பை விரலால் தடவினார்.

"இந்த விளக்குக்காக உட்கார்ந்திருந்திருக்கா. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. சும்மா இருக்க வேண்டிய அந்த நேரத்தைக்கூட என் மேலதான் செலவு பண்ணியிருக்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் நிறைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. வண்டியின் கூரையை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார்.

விளக்கு எப்போதோ அணைந்துபோயிருந்தது. திரைக்காரி சாவியைப் பின்னுக்குத் திருப்பி, மறுபடியும் முதலிலிருந்து ஒரு படி திருப்பினாள். விளக்கு எரிந்தது. அவள் பக்கத்தில் திரும்பினாள். காலையிலிருந்து வெறும் தேநீரோடு, ஒரு வார்த்தை முணுமுணுக்காமல், தன் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த மனிதரை அன்றைக்கு முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தாள்.

"பசிக்குதாங்க?" என்று கேட்டாள்.

"ரொம்ப," என்றார்.

"கம்பிக் கடை நாளைக்கும் திறந்திருக்கும். முதல்ல சாப்பிடலாம்."

விளக்கு அணைந்தது. அவள் சாவியைத் திருப்பினாள்.